முவான்சாவிலிருந்து எண்ணூற்றைம்பது கிலோமீட்டர்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த ட்ராவல்ஸ் ஆபீஸ். படியேறும்போதே பன் வேகும் வாசனை கூடவே ஏறி வரும். உள்ளே மூன்று மேசை. முதல் மேசை முதலாளி நவநீதனுக்கு. அவர் திருப்பதி, வேளாங்கண்ணி பஸ் டூர் பார்த்துக்கொள்வார். நடு மேசையில் பிரிண்டர். ஜன்னலோர மேசையில் அன்ஜும் உட்கார்ந்திருப்பாள். அவள் பார்ப்பது ஆப்பிரிக்கா.

காரிமங்கலத்துக்காரி. அவள் அப்பா ஹயாத் பாஷா சந்தை நாளில் மாட்டுக் கயிறும் சலங்கையும் விற்பவர். அன்ஜும் பி.காம். முடித்துவிட்டு, பாஸ்போர்ட் ஃபாரம் நிரப்பிக் கொடுக்கத்தான் இந்த ஆபீசுக்கு வந்தாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. அப்போதுதான் இந்தப் பக்கத்து ஆட்கள் போர்வெல் ரிக்கு வண்டிகளோடு தான்சானியா, சாம்பியா, உகாண்டா என்று போக ஆரம்பித்திருந்தார்கள். கடத்தூர், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அங்கே ரெண்டு பேராவது ஆப்பிரிக்காவில் துளைபோடும் ராடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு டிக்கெட் போட்டுப் போட்டு, அன்ஜும் அந்தக் கண்டத்தையே பயண நேரமாகக் கற்றுக்கொண்டாள். கம்பாலாவிலிருந்து நைரோபி ஒன்றேகால் மணி. லுசாகாவிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ரெண்டு மணி. மேப்பில் விரல் வைக்காமலே சொல்வாள்.

ஆனால் கம்ப்யூட்டர் திரை காட்டும் நேரத்தை அவள் நம்புவதில்லை. அதற்குக் காரணம் பென்னாகரத்து ஆள் ஒருவர். அப்பா இறந்த செய்தி கேட்டுப் புறப்பட்டவருக்கு, நடுவில் மாறுவதற்கு ஐம்பத்தைந்து நிமிஷம் இருக்கிற மாதிரி அவள் டிக்கெட் போட்டாள். திரையில் அது போதும் என்றுதான் இருந்தது. முதல் விமானம் அரை மணி பிந்தியது. அடுத்த விமானம் விமான நிலையத்தின் மறுகோடியில் நின்றது. அவர் வந்து சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. ஆபீசுக்கு வந்து அவர் சண்டை போடவில்லை. "ஐம்பத்தஞ்சு நிமிஷம்னு போட்டிருந்துச்சுங்கக்கா, ஓடியே பாத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஊர் திரும்புகிற ஒவ்வொருவரையும் அன்ஜும் நிறுத்திக் கேட்பாள்: கதவை எப்போ மூடினாங்க, எப்போ கிளம்புச்சு, எறங்கி வெளிய வர எவ்வளவு நேரம் ஆச்சு. கேட்டதை நீள நோட்டில் எழுதிவைப்பாள். இரண்டு நகரத்துக்கு நடுவில் இருக்கிற தூரம் வேறு, போய்ச்சேர ஆகிற நேரம் வேறு என்பது அவளுக்கு அந்த நோட்டு சொல்லிக்கொடுத்தது.

போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் பன்னிரண்டேகாலுக்கு அவள் போன் அடித்தது. பச்சியப்பன். தான்சானியாவில் முவான்சா என்கிற ஊரில் நான்கு ரிக்கு வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர். மொரப்பூர்ப் பக்கம் சொந்த ஊர். வழக்கமாக, "ஏம்மா, அங்க வெயிலு எப்டி?" என்று ஆரம்பிப்பவர் அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே மூச்சிரைத்தார்.

"அன்ஜும்மா, மாதவராஜுக்கு அடிபட்டுருச்சு. ராடு மாட்டறப்ப கை உள்ள போயிருச்சும்மா. மணிக்கட்டுல தொங்குது."

மாதவராஜை அவளுக்குத் தெரியும். கடத்தூர்க்காரர். ஆறு வருஷமாக அவள் கையால் டிக்கெட் வாங்குகிறவர். முவான்சாவைப் பற்றி, "நம்ம காரிமங்கலம் மலையாட்டமே பாறை மேல பாறைங்கக்கா, பக்கத்துல கடலாட்டம் ஏரி" என்று அவளுக்குச் சொன்னவரே அவர்தான்.

"இப்ப எங்கண்ணா இருக்கீங்க?"

"முவான்சா ஆஸ்பத்திரில. டாக்டரு பக்கத்துல நிக்கறாரு. எனக்கு அவர் பேசற இங்கிலீஷு பாதி புரியல. நீ பேசு."

டாக்டர் நிதானமாகத்தான் பேசினார். கைக்குப் போகும் ரத்தக்குழாய் அறுந்திருக்கிறது. கட்டுப்போட்டு ரத்தத்தை நிறுத்தியாகிவிட்டது, சுற்றிலும் ஐஸ் வைத்திருக்கிறோம், உயிருக்குப் பயமில்லை. ஆனால் அறுந்த குழாயைத் தைத்து ஒட்டவைக்கிற டாக்டர் இப்போது இந்த ஊரில் இல்லை. நைரோபியில் இருக்கிறார்கள், தார் எஸ் சலாமில் இருக்கிறார்கள். அடிபட்டதிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் ஆரம்பித்தால் நல்லது. ஐஸ் இருப்பதால் எட்டு வரை இழுக்கலாம். அதற்கு மேல் கையை எடுக்க வேண்டியதுதான்.

"எப்போ அடிபட்டது?"

"எட்டு பத்துக்கு."

அங்கே எட்டு பத்து என்றால் இங்கே பத்து நாற்பது. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி வித்தியாசம். இனி சொல்லப்போகும் நேரமெல்லாம் நம் ஊர் நேரமென்றே வைத்துக்கொள்வோம். அன்ஜும் அன்றைக்கு அப்படித்தான் வைத்துக்கொண்டாள். பிரிண்டரிலிருந்து ஒரு தாளை உருவி, மேலே 10.40 என்றும் கீழே எட்டு மணி நேரக் கெடுவாக 6.40 என்றும் எழுதினாள். நடுவில் இருந்ததெல்லாம் வெள்ளைத்தாள்.

அந்த நேரத்தில் படியில் தடதடவென்று சத்தம். மாதவராஜின் மனைவி மணிமேகலையும் அண்ணன் தர்மனும் வந்து நின்றார்கள். பச்சியப்பன் முதலில் அவர்களுக்குத்தான் சொல்லியிருந்தார். விஷயம் தெரிந்ததும் கடத்தூரிலிருந்து வாடகைக் காரில் நேரே இங்கே வந்துவிட்டார்கள். வேறு எங்கே போவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மணிமேகலையின் புடவை ஓரத்தில் ஈரமண் ஒட்டியிருந்தது. மஞ்சளுக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே கிளம்பியிருக்க வேண்டும்.

"அக்கா, எங்கூட்டுக்காரரு..." என்றாள்.

அன்ஜும் டாக்டர் சொன்னதை மறைக்காமல் சொன்னாள். ஒளித்துப் பேச நேரமில்லை.

தர்மன் கையில் போனை நீட்டினார். "நைரோபிதாம்மா. வர்ற வழியிலயே பாத்துட்டேன். முவான்சாவுல இருந்து நைரோபி நானூத்தி அறுபத்தஞ்சு கிலோமீட்டரு, ஒரு மணி நேரம். அந்த இன்னொரு ஊரு எண்ணூத்தி அம்பது. ரெட்டிப்புத் தூரம். ரிக்கு ஓனரும் நைரோபிதான் சொல்றாராம். அங்க இருந்து ஆம்புலன்ஸ் பிளேனே வருமாம், அதுல டாக்டரு இருப்பாராம்."

பச்சியப்பனும் போனில் அதையேதான் சொன்னார். ஓனர் பேசிவிட்டார், ஆம்புலன்ஸ் விமானக் கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது, எல்லாம் ஆகிறது.

அன்ஜும் தர்மனின் போனைப் பார்த்தாள். வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நேர்க்கோடு. அழகாக, அறுத்துப் போட்ட நூல் மாதிரி.

"அண்ணா, அந்த பிளேன் இப்ப எங்க நிக்குது?"

"எங்கன்னா... நைரோபிலதான்."

"அப்ப அது முதல்ல முவான்சாவுக்கு வரணுங்களே. ஒரு மணி நேரம்னு போட்டிருக்கறது ஒரு நடை. அது போக, முவான்சா ஒரு நாடு, நைரோபி வேற நாடு. அந்த பிளேன் முவான்சாவுல எறங்கறதுக்குப் பர்மிஷன் வாங்கணும்."

அவள் தாளில் எழுதிக்கொண்டே பேசினாள். பர்மிஷனுக்கு எவ்வளவு சீக்கிரம் என்றாலும் ரெண்டு மணி நேரம். மூன்று மணிக்கு அங்கே கிளம்பினால் நாலு பத்துக்கு முவான்சா. ஏற்றிக் கிளம்ப நாற்பது நிமிஷம். ஆறு மணிக்கு நைரோபி. அங்கிருந்து சாயங்கால நெரிசலில் ஆஸ்பத்திரி. 6.45 என்று எழுதி அடியில் கோடு போட்டாள். கீழே ஏற்கெனவே எழுதியிருந்த 6.40 அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

"எல்லாமே சரியா நடந்தா இதுங்கண்ணா" என்றாள்.

"அந்த ஊருக்கு?"

"ரெண்டேகாலுக்கு முவான்சாவுல இருந்து தார் எஸ் சலாமுக்கு பேசஞ்சர் ஃப்ளைட் இருக்குது. தினமும் போறதுதான். ஒரே நாடு, விசா கெடையாது. ஒன்றரை மணி நேரம். மூணே முக்காலுக்கு எறங்கும். நாலே முக்காலுக்குள்ள ஆஸ்பத்திரில இருக்கலாம்."

"கை தொங்கறவன பஸ்ஸுல ஏத்தற மாதிரி ஏத்தச் சொல்றியா? வழியில ஏதாவது ஆச்சுன்னா?"

நவநீதன் எழுந்து வந்து அவள் காதருகே குனிந்தார். "அன்ஜும்மா, நமக்கு எதுக்கு இது? நாம டிக்கெட் போடறவங்க. ஓனர் சொன்னபடி போகட்டும். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா, நீ சொல்லித்தான் போனான்னு வரும்."

அவர் சொன்னது நியாயம்தான் என்று அவளுக்கும் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் கை போனாலும் அது ஓனர் பாடு, நைரோபி பாடு. வாயைத் திறந்தால் அவள் பாடு. மின்விசிறிக்கடியிலும் அவள் முதுகு நனைந்திருந்தது. மணி பன்னிரண்டு ஐம்பது. ஒன்று நாற்பதுக்கு அந்த விமானத்துக்கு செக்-இன் மூடிவிடுவார்கள்.

மணிமேகலைதான் கேட்டாள். அழாமல், நேராகப் பார்த்து. "ரெண்டுல எந்த ஆஸ்பத்திரிக்கு மொதல்ல போய்ச் சேருவாருக்கா?"

"தார் எஸ் சலாம்."

"அப்ப அதையே பண்ணுங்க." தர்மன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மாமா, கை அவரோடது. நான் சொல்றேன், பண்ணட்டும்" என்றாள்.

அன்ஜும் திரையைத் திறந்தாள். அந்த விமானத்தில் மீதி இருந்தது இரண்டே இடம். யோசிக்காமல் இரண்டையும் பிடித்தாள். ஒன்று மாதவராஜுக்கு, ஒன்று கூட வரும் நர்ஸுக்கு. பச்சியப்பனுக்கு இடமில்லை, தமிழ் தெரிந்த ஒரு முகம்கூட இல்லாமல்தான் அவர் போக வேண்டும்.

டிக்கெட் கையில் வந்தது. ஆனால் முவான்சா விமான நிலையத்தில் போனை எடுத்த பெண் ஒப்புக்கொள்ளவில்லை. அடிபட்டவரை ஏற்ற வேண்டுமானால் டாக்டர் கையெழுத்திட்ட படிவம் தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கே மருத்துவப் பிரிவு சரி என்று சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னால் அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். கோபப்படுகிறவர்களிடம் வாதாடலாம், விதியைப் படித்துக் காட்டுகிறவர்களிடம் என்ன செய்வது?

அவள் நோட்டைப் புரட்டினாள். பின்னட்டையில் அந்த விமானக் கம்பெனியின் தார் எஸ் சலாம் தலைமை அலுவலகத்து நம்பர் ஒன்று இருந்தது. ரமதானி. ரிக்கு ஆட்கள் இருபது முப்பது பேராகப் போகும்போதெல்லாம் குரூப் டிக்கெட்டுக்கு அவரோடுதான் பேசுவாள். ஏழு வருஷப் பழக்கம். முகம் பார்த்ததில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும், ரமதானி பாய். அன்ஜும், தர்மபுரி."

பதில் சலாம் சொன்னவர், அவள் குரலைக் கேட்டதும், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

அவள் சொல்லி முடிக்க ஒன்றரை நிமிஷம் ஆனது. அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "படிவத்தை எனக்கே அனுப்பச் சொல். நானே மாடியிலிருக்கும் மருத்துவப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். ஆளை விமான நிலையத்துக்குக் கிளப்பிவிடு. அனுமதிக்காகக் காத்திருக்காதே."

"கிடைக்காவிட்டால்?"

"கிளப்பிவிடு" என்றார் மறுபடி.

பச்சியப்பனுக்குச் சொன்னாள். அவர் தயங்கினார். "ஓனருகிட்ட என்னம்மா சொல்ல?"

"அவர் சம்சாரம் சொல்லிட்டாங்கன்னு சொல்லுங்கண்ணா. நைரோபி பிளேனு இன்னும் கிளம்பல, வேணாம்னு சொல்லிடுங்க. டாக்டர்கிட்ட அந்த ஃபாரத்துல கையெழுத்து வாங்கி ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. ஐஸ் பெட்டி கூடவே போகணும்."

ஸ்ட்ரெச்சர் நகரும் சத்தத்தோடு போன் ஒரு நிமிஷம் மாதவராஜிடம் போனது. ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தபோது மூன்று பேரும் மேசையைச் சுற்றிக் குனிந்தார்கள்.

"மேகலை. கை இருக்குது. பயப்படாத."

"வலிக்குதா?"

"ஊசி போட்டுட்டாங்க. அண்ணன் இருக்குதா?"

தர்மன் போனை நெருங்கினார். "இருக்கேன்டா ராஜா. பிளேன்ல கண்ண மூடிட்டுப் படுத்துக்கோ. அங்க ஆளுங்க வந்து எறக்கிக்குவாங்க" என்றார். அங்கே யார் வரப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. அன்ஜுமுக்கும் இன்னும் தெரியாது.

ஒன்று இருபத்தெட்டுக்கு ஆம்புலன்ஸ் விமான நிலையத்தில் நின்றது. ஒன்று முப்பத்தாறுக்கு ரமதானியிடமிருந்து ஒற்றை வரி: அனுமதி கிடைத்துவிட்டது, இரண்டு இடமும் முதல் வரிசைக்கு மாற்றியாகிவிட்டது. அன்ஜும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். நவநீதன் கீழே பேக்கரியிலிருந்து நாலு டீ வாங்கிவந்து வைத்தார். யாரும் தொடவில்லை.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஒன்று ஐம்பதுக்கு ரமதானி மறுபடி அழைத்தார். இந்த முறை குரலில் வேகம் குறைந்திருந்தது.

"அன்ஜும், ஒரு விஷயம். காலையில் ஜெட் விமானத்தில் ஏதோ கோளாறு. அதற்குப் பதிலாக இறக்கையில் காற்றாடி சுழலும் மெதுவான விமானத்தை அனுப்பியிருக்கிறார்கள். அது இங்கிருந்தே தாமதமாகத்தான் கிளம்பியது. முவான்சாவில் இறங்க இன்னும் முக்கால் மணி ஆகும்."

"திரும்பி வர?"

"இரண்டு மணி நேரம்."

போனை வைத்ததும் அவள் திரையைப் பார்த்தாள். திரையில் ஜெட் என்றுதான் போட்டிருந்தது. ஒன்றரை மணி என்றுதான் அவளும் சொன்னாள். நோட்டு வைத்திருந்தும், பென்னாகரத்து ஆளை மறக்காமலிருந்தும், அவசரத்தில் திரை சொன்னதைத்தான் அவளும் திருப்பிச் சொல்லியிருந்தாள். தாளில் எழுதிய 3.45ஐ அடித்துவிட்டு 5.05 என்று எழுதினாள். ஆஸ்பத்திரி 5.50. மிச்சம் ஐம்பது நிமிஷம்.

சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னாள்.

தர்மன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "தலப்பாடா அடிச்சிக்கிட்டேனே! நைரோபிக்கே போயிருக்கலாம்! அதையும் வேணாம்னு சொல்ல வெச்ச. இப்ப இதுவும் இல்ல, அதுவும் இல்ல. உன்ன யாரும்மா கேட்டது?"

"தர்மா, சத்தம் போடாதப்பா" என்றார் நவநீதன். இத்தனைக்கும் அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

அன்ஜும் எழுந்திருக்கவில்லை. "ஒன்றரை மணின்னு சொன்னது என் தப்புங்கண்ணா. அத ஒத்துக்கறேன். ஆனா இப்பக்கூட இதுதான் முன்னால போய்ச் சேரும்." அவள் அடுத்த நம்பரைத் தேடிக்கொண்டே சொன்னாள். "நீங்க என்னத் திட்டுங்க, அப்புறமேட்டுத் திட்டுங்க. இப்ப நான் அங்க ஆம்புலன்ஸ் ஏற்பாடு பண்ணணும். அஞ்சு நிமிஷம்கூட வீணாகக்கூடாது."

தர்மன் படியிறங்கிப் போய்விட்டார். கீழே தெருவில் அவர் அங்குமிங்கும் நடப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. அன்ஜும் அடுத்த ஒரு மணி நேரமும் போனும் கையுமாக இருந்தாள். முவான்சா டாக்டர் தார் எஸ் சலாம் ஆஸ்பத்திரிக்குப் பேசினார். அங்கே கை ஆபரேஷன் செய்யும் டாக்டர் இருக்கிறார், ஆபரேஷன் அறையைக் காலியாக வைத்திருப்பார்கள். ஆம்புலன்ஸ் விமானம் நிற்கும் இடம்வரை உள்ளேயே வர வேண்டும்; அதற்கொரு அனுமதி. ரமதானி தானே விமான நிலையத்துக்குப் போவதாகச் சொன்னார்.

மூன்று ஏழுக்குப் பச்சியப்பன் சொன்னார்: "கிளம்பிருச்சும்மா. ஏரி மேல திரும்பிப் போகுது. கண்ணுக்குத் தெரியுது."

விமானங்கள் பறப்பதைக் காட்டும் வரைபடத்தை அன்ஜும் திறந்தாள். நீல ஏரியை விட்டு ஒரு சின்ன மஞ்சள் உருவம் தென்கிழக்கே நகர்ந்தது. மணிமேகலை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். எண்ணூற்றைம்பது கிலோமீட்டர் அந்தத் திரையில் ஒரு சாண்கூட இல்லை. மஞ்சள் உருவம் நகர்வதே தெரியவில்லை. கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் இடம் மாறியிருந்தது.

மூன்று நாற்பதுக்கு அது மறைந்துபோனது.

"எங்கக்கா? எங்க போச்சு?"

"ஒண்ணுமில்ல மேகலை. அந்தப் பக்கம் சிக்னல் வாங்கற டவரு கம்மி. படத்துலதான் தெரியல. வானத்துல போயிட்டுத்தான் இருக்கும்."

சொன்னாளே தவிர, அவள் கண்ணும் அந்த வெற்றிடத்தை விட்டு அகலவில்லை. பத்து நிமிஷம். இருபது. கீழே பஸ் ஸ்டாண்டில் ஒகேனக்கல், ஒகேனக்கல் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். தர்மன் எப்போது மேலே வந்தாரென்று யாரும் கவனிக்கவில்லை. அவரும் கதவோரமாக நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிமேகலை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள். அன்ஜும் தன் கையை அவள் கைமேல் வைத்தாள். சில்லென்று இருந்தது.

முப்பத்தைந்தாவது நிமிஷம் அந்த மஞ்சள் உருவம் மறுபடி வந்தது. முன்பு இருந்த இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, கடற்கரைக்குப் பாதி வழியில்.

"தா, போகுது!" என்று கத்தினார் தர்மன்.

ஐந்து நாலுக்கு அது நின்றது. ஐந்து பதினொன்றுக்கு ரமதானி ஒரு படம் அனுப்பினார்: ஸ்ட்ரெச்சர், அதன் மேல் மாதவராஜ், பக்கத்தில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெள்ளை உடையில் கூட வந்த நர்ஸ். மாதவராஜின் கண் திறந்திருந்தது. ஆம்புலன்ஸ் நகருக்குள் நுழைந்ததும் நெரிசலில் மாட்டிக்கொண்டது. ரமதானி முன்னால் தன் காரில் ஹாரன் அடித்துக்கொண்டே போனதாகப் பிறகு நர்ஸ் சொல்லித் தெரிந்தது. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ஆபரேஷன் அறைக் கதவு மூடியது. அன்ஜும் அந்த நேரத்தையும் தாளில் எழுதினாள். பிறகு எழுந்து பின்பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் கொஞ்ச நேரம் அழுதாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அன்ஜும் தன் கணவன் முதசிருக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தபோது மணிமேகலை போனில் பேசினாள். ஆபரேஷன் ஆறு மணி நேரம் நடந்ததாம். ரத்தம் ஓடுகிறதாம். டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தாராம், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சிவந்திருக்கிறதாம். மற்றதை இப்போதே சொல்ல முடியாதாம்.

பத்து நாளில் மற்றதும் தெரிந்தது. சுண்டு விரலும் மோதிர விரலும் கருத்துவிட்டன, எடுத்துவிட்டார்கள். மூன்று விரலோடு கை பிழைத்தது.

நைரோபி விமானம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பர்மிஷன் அரை மணியில்கூடக் கிடைத்திருக்கலாம். ஐந்து விரலும் பிழைத்திருக்கலாம். கையே போயிருக்கலாம். அன்ஜும் இதைப் பல தடவை தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விடை வந்தது. தார் எஸ் சலாம் டாக்டரிடம் பச்சியப்பன் ஒருமுறை கேட்டபோது, "இன்னும் ஒரு மணி பிந்தியிருந்தால் நான் தைத்திருக்க மாட்டேன்" என்றாராம். அதை அவளிடம் சொன்னது தர்மன்.

அவர் வேலை மெனக்கெட்டு ஒருநாள் ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறைய மஞ்சள் கிழங்கு. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அன்னிக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தார்.

"பரவாயில்லிங்கண்ணா. தம்பிக்குன்னா யாரா இருந்தாலும் பேசுவாங்க."

"இல்லம்மா. நீ தப்புன்னு ஒத்துக்கிட்டயே, இனி நீ சொல்றத நம்பலாம்னு அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. அதச் சொல்லணும்னுதான் வந்தேன்." பையை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மாதவராஜ் அக்டோபரில் ஊர் வந்து சேர்ந்தார். இப்போது வாரம் இரண்டு முறை தர்மபுரிக்குப் பஸ்ஸில் வந்து கைக்குப் பயிற்சி எடுக்கிறார். பென்சில் பிடிக்க முடிகிறது, சட்டைப் பட்டன் போட முடிவதில்லை. ஒரு நாள் பயிற்சி முடிந்து அவரும் மணிமேகலையும் மாடியேறி வந்தார்கள். அவர் அன்ஜும் எதிரில் உட்கார்ந்து, விமானத்துக்குள் நடந்ததைச் சொன்னார். இரண்டு மணி நேரமும் அந்த நர்ஸ் அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டே வந்தாளாம். ஏதோ சுவாஹிலிப் பாட்டும் பாடினாளாம். அர்த்தம் தெரியவில்லை, ஆனால் நிறுத்தும்போதெல்லாம் பயமாக இருந்ததாம்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பச்சியண்ணன் சூப்பர்வைசரா வரச் சொல்றாருங்கக்கா. ராடைத் தொடற வேலையே கெடையாது. மார்ச்சுல டிக்கெட்டு எப்டி இருக்கும்?"

அன்ஜும் மணிமேகலையைப் பார்த்தாள். மணிமேகலை கணவனின் கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

"மொதல்ல இந்தப் பட்டன நீங்களா போடுங்க. அப்புறமேட்டு அக்காகிட்டக் கேளுங்க" என்றாள்.

அவர் சட்டையின் மேல் பட்டனைப் பிடித்தார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டன் ஓட்டையின் விளிம்புவரை வந்து நழுவியது. அவர் மறுபடி பிடித்தார்.